தண்ணீர்க் கம்பமும் கள்ளுக்கடையும்: சிங்கப்பூர் நீரூற்று ஒன்றின் வழியே தமிழர் மதுவிலக்கு வரலாறு

முன்னுரை

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் பூங்காவில் வார்ப்பிரும்பாலான நீரூற்று ஒன்று நிற்கிறது. மூன்று அடுக்குகளாக, ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்தில், கிரேக்கத் தொன்மக் கலைமகளிரின் உருவங்களைத் தாங்கியுள்ள அதனை மக்கள் டான் கிம் செங் நீரூற்று என வழங்குவர். தெம்பனிஸில் தொடர்வண்டி ஏறி நகர மண்டப நிலையத்தில் இறங்கும் மாணவர் ஒருவர் சிறிது தொலைவு நடந்தாலே அதனை அடைந்துவிடலாம். 2010ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அந்நீரூற்று தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தமிழர் வரலாற்றைக் கற்போர் பொதுவாக இந்நீரூற்றின்முன் நிற்பதில்லை. ஒரு சீன வணிகரின் கொடையைப் போற்றி, ஆங்கிலேய நகராட்சி ஆணையர்கள் நிறுவிய சின்னம் அது. எனினும், அந்நீரூற்று பிறந்த காலத்தின் சிந்தனைகளை நோக்கும்போது, தமிழ்த் தொழிலாளர் வரலாற்றின் முக்கியமான ஒரு கூறு நம் கண்முன் வருகிறது. நல்ல தண்ணீரைப் பொதுவில் வைத்தால் மக்கள் மதுவை விடுவர் என உலகின் பல நாடுகள் நம்பிய காலம் அது. அதே காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்க்கெனக் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டன. பின்னர் அக்கடைகளை மூடக் கோரி எழுந்தவர்களுள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். தண்ணீரைக் கொடுத்தவருக்குச் சின்னம் உண்டு. கள்ளுக்கடையை மூடச் சொன்னவருக்கு அது இல்லை. இவ்வேறுபாட்டின் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலைநாடுகளில் நீரூற்றும் மதுவிலக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஏழை மக்களுக்குத் தூய குடிநீர் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆற்று நீரும் கிணற்று நீரும் மாசுற்றுக் காலரா பரவியது. தெருவில் தாகமெடுத்தவர் எளிதில் பெறக்கூடிய பானம் மதுக்கடையிலேயே இருந்தது. இந்நிலையை மாற்ற முனைந்த அறச் சிந்தனையாளர்கள் 1859ஆம் ஆண்டு இலண்டனில் இலவசக் குடிநீர் ஊற்றுகளை அமைக்கும் சங்கம் ஒன்றை நிறுவினர். சாமுவேல் கர்னி என்பார் அதில் முன்னின்றார். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் அதன் முதல் ஊற்று திறக்கப்பட்டது. பின்னர் வண்டி மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகள் அமைக்கும் பணியையும் அச்சங்கம் மேற்கொண்டது.

அமெரிக்காவில் இவ்வெண்ணம் வெளிப்படையான மதுவிலக்குப் பரப்புரையாகவே வளர்ந்தது. 1874ஆம் ஆண்டு தோன்றிய கிறித்தவ மகளிர் மதுவிலக்குச் சங்கம், ஊர்தோறும் நீரூற்று அமைக்குமாறு தன் உறுப்பினர்களை ஊக்கியது. கடலோரச் சிற்றூர்களிலும் பெருநகரங்களிலும் சிலையுடன் கூடிய நீரூற்றுகள் எழுந்தன. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஹென்றி காக்ஸ்வெல் பல நகரங்களுக்கு இத்தகைய ஊற்றுகளை வழங்கினார். சிலவற்றின்மேல், கையில் நீர்க்குவளை ஏந்திய தம் உருவச் சிலையையே அவர் நிறுத்தினார். மக்கள் எல்லா இடத்திலும் இதனை விரும்பி ஏற்கவில்லை. சில ஊர்களில் அச்சிலைகள் கவிழ்க்கப்பட்டன. ஓர் ஊரில் சிலையை ஏரியில் எறிந்தனர்.

சிலையைக் கவிழ்த்தவர்களின் செயலுக்கு வரலாற்றில் ஒரு பொருள் உண்டு. மதுவிலக்கு நீரூற்றில் கொடுப்பவர் ஒருவர், திருந்த வேண்டியவர் மற்றொருவர். வசதி படைத்தவர் தண்ணீரைத் தருகிறார். குடிப்பவர் அதனை ஏற்றுத் திருந்த வேண்டும். குடிப்பழக்கத்திற்குக் காரணமான நீண்ட வேலைநேரம், நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த கூலி ஆகியவற்றைப் பற்றி அந்த ஊற்றுகள் பேசுவதில்லை. மதுப்பழக்கம் ஒரு தனிமனிதக் குறையாகவே அங்குக் கொள்ளப்படுகிறது. தமிழ்த் தொழிலாளர் நடத்திய மதுவிலக்கு முயற்சியை மதிப்பிடுங்கால் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

டான் கிம் செங் நீரூற்று

சிங்கப்பூரில் மதுவிலக்கு நீரூற்று என்னும் பெயரில் ஒரு சின்னம் அமைந்ததாகக் கூற இயலாது. ஆயினும் அதே காலத்தின் கொடை மரபைச் சார்ந்த இரண்டு ஊற்றுகள் இங்கு உண்டு. 1864ஆம் ஆண்டு ஜான் கெம்மில் என்னும் வணிகர் வழங்கிய பளிங்குக் குடிநீர் ஊற்று ஒன்று. அது இன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. மற்றொன்று டான் கிம் செங் நீரூற்று.

டான் கிம் செங் 1806ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்த பெரனாக்கான் வணிகர். நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டு வருவதற்காக 1857ஆம் ஆண்டு 13,000 வெள்ளியை அவர் கொடையாக அளித்தார். திட்டம் விரைவில் நிறைவேறவில்லை. தாம்சன் சாலை அருகே நீர்த்தேக்கம் 1868ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டபோதிலும், தண்ணீரை நகருக்குள் கொண்டு செல்லும் பணிகள் 1870களின் பிற்பகுதியில்தான் முற்றுப்பெற்றன. அந்நீர்த்தேக்கமே 1922ஆம் ஆண்டு முதல் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் எனப் பெயர் பெற்றது. கொடையாளர் 1864ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவரது கொடையை நினைவுகூர்ந்து நகராட்சி ஆணையர்கள் 1882ஆம் ஆண்டு ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் இந்நீரூற்றை எழுப்பினர். இங்கிலாந்தின் டார்பி நகரிலிருந்த ஆண்ட்ரூ ஹேண்டிசைடு வார்ப்பாலையில் அது உருவாக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டு பேட்டரி சாலைக்கும், 1925ஆம் ஆண்டு அன்று கடலோரமாக இருந்த எஸ்பிளனேட் பகுதிக்கும் அது இடம் மாறியது.

இங்கு ஒரு வினா எழுகிறது. நகருக்குத் தண்ணீர் கொண்டுவருவது அரசின் கடமை எனில், அதற்கு ஒரு வணிகரின் கொடை ஏன் தேவைப்பட்டது? அன்றைய நீரிணைக் குடியேற்றங்களின் அரசுக்கு வருவாய் இல்லாமல் இல்லை. அவ்வருவாயில் பெரும்பங்கு அபின், மது ஆகியவற்றின் விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டதன்மூலம் கிடைத்தது. குத்தகை முறை முடிந்து, 1910ஆம் ஆண்டு அபின் விற்பனை அரசின் நேரடி ஏகபோகமாயிற்று. முறை மாறியதேயன்றி அரசு இவ்வருவாயைக் கைவிடவில்லை. உழைப்பாளர் குடித்தும் புகைத்தும் செலவிட்ட காசில் இயங்கிய ஆட்சியில், தூய தண்ணீர்த் திட்டம் ஒரு தனிமனிதரின் கொடையை எதிர்நோக்கித் தொடங்கியது. நீரூற்றின் கலைமகளிர் இச்செய்தியைச் சொல்வதில்லை.

தண்ணீர்க் கம்பம்

குழாய்நீர் வருவதற்கு முன் நகர் எவ்வாறு நீரருந்தியது என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. இன்றைய சீன வட்டாரத்திலுள்ள கிரேத்தா ஆயர் என்னும் மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்பது பொருள். ஆன் சியாங் குன்றுப் பகுதிக் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிகள் தண்ணீரை ஏற்றிச் சென்றதால் அப்பெயர் ஏற்பட்டது. பாலஸ்தியர் சாலைப் பகுதியைத் தமிழர் தண்ணீர்க் கம்பம் என அழைத்தனர். அங்கிருந்தும் மாட்டுவண்டிகளில் தண்ணீர் சென்றது. அதற்கு அண்மையில், சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த பகுதி சுண்ணாம்புக் கம்பம் எனப்பட்டது. எருமை சாலை, அதே பொருளைத் தரும் கெர்பாவ் சாலை ஆகிய பெயர்கள், நீரும் புல்லும் நிறைந்த அவ்வட்டாரத்தில் நடைபெற்ற கால்நடைத் தொழிலை உணர்த்துகின்றன.

மலாய்ச் சொல்லான கம்போங் தமிழர் நாவில் கம்பம் ஆயிற்று. அதனோடு தண்ணீர் என்னும் தமிழ்ச்சொல் இணைந்தது. வந்த நாட்டின் சொல்லையும் பிறந்த நாட்டின் சொல்லையும் சேர்த்துத் தொழிலாளர் தாமே இட்ட பெயர் இது. மாட்டுவண்டித் தொழிலில் இந்தியர் மிகுதியாக ஈடுபட்டிருந்த காலம் அது. 1825 முதல் 1873 வரை இங்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் சதுப்பு நிலங்களைத் திருத்தினர், சாலைகளை அமைத்தனர், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும் இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையையும் கட்டினர். நகரை உருவாக்கிய அவ்வுழைப்பு பெரும்பாலும் பெயர்ப்பலகையின்றிப் போயிற்று. தண்ணீர்க் கம்பம் என்பது மக்கள் வழக்கில் மட்டும் எஞ்சிய ஒரு கல்வெட்டு எனலாம்.

தமிழ் மரபில் நீரும் கள்ளும்

வழிப்போக்கர்க்குத் தண்ணீர் வழங்குதல் தமிழர்க்குப் புதியதன்று. தண்ணீர்ப் பந்தல் வைப்பதற்கும், அங்குத் தண்ணீர் வார்ப்பவர்க்கும் நிவந்தம் அளிக்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. தமிழ்நாட்டில் தண்ணீர்ப்பந்தல் என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. சிங்கப்பூரில் தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் வழக்கம் அம்மரபின் தொடர்ச்சியேயாகும். எனினும், தமிழ்த் தண்ணீர்ப் பந்தல் மதுவுக்கு மாற்றாக வைக்கப்பட்டதன்று. வெயிலில் வருபவரின் தாகத்தைத் தணிப்பதே அதன் நோக்கம். குடிப்பவரைத் திருத்தும் எண்ணம் அதில் இல்லை.

கள்ளைப் பற்றிய தமிழ் மரபின் நோக்கும் ஒருமுகமானதன்று. சங்க இலக்கியம் கள், நறவு, தேறல் எனப் பல பெயர்களால் அதனைச் சுட்டுகிறது. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில், மன்னன் கள்ளைப் பகிர்ந்த பண்பு அவனது ஈகைக்குச் சான்றாக நினைக்கப்படுகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அவ்வதிகாரம் பொருட்பாலில் அமைந்துள்ளமை கருதத்தக்கது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவற இயலில் வைத்த நூல், கள்ளுண்ணாமையை ஆட்சியும் பொருளும் பேசப்படும் பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே வைக்கிறது. கள்ளை உலகியல் வாழ்வின் கேடாக, பொருளும் மதிப்பும் அழியும் வழியாக நோக்கிய பார்வை இவ்வைப்பு முறையில் புலப்படுகிறது. மலாயாத் தமிழ்த் தொழிலாளர் பின்னாளில் கள்ளுக்கடையை எதிர்த்தபோதும் கூலி, குடும்பம், மானம் ஆகியவற்றையே முன்வைத்தனர்.

கள்ளுக்கடையும் கூலியும்

தென்னம்பாளையைச் சீவி இறக்கப்படும் சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவப்படாவிடின் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். அதனை நெடுநாள் வைத்திருக்க முடியாது. தொலைவுக்குக் கொண்டு செல்வதும் அரிது. எனவே குடிப்போர் வாழும் இடத்திற்கு அருகிலேயே கள்ளுக்கடை அமைய வேண்டியிருந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டியே கடைகள் திறக்கப்பட்டன. சிங்கப்பூரில் தமிழ்த் தொழிலாளர் மிகுந்த வட்டாரங்களில் அரசு உரிமத்துடன் அவை நடைபெற்றன.

கள்ளுக்கடைக்கு ஆதரவாகத் தோட்ட நிர்வாகங்கள் கூறிய காரணம் ஒன்றே. கடையை மூடினால் தொழிலாளர் கள்ளத்தனமாகக் காய்ச்சப்படும் சம்சுவை நாடுவர். சம்சு கண்ணையும் உயிரையும் பறிக்கும். கள்ளோ அத்துணைத் தீங்கற்றது என்றனர். இவ்வாதத்தை முற்றிலும் பொய் எனத் தள்ளிவிட இயலாது. கலப்படச் சாராயத்தின் கேடு உண்மையானது. ஆனால் அவ்வாதம் மற்றொன்றை மறைத்தது. கூலி நாளில் தோட்டம் கொடுத்த காசின் ஒரு பகுதி தோட்டத்துக் கடைக்கே திரும்பியது. 1928ஆம் ஆண்டளவில் வசதியான வட்டாரங்களுக்கு வரையறுக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. இத்தகைய கூலியில் ஒரு குவளைக் கள்ளின் விலையும் குடும்பத்தின் அடுப்பைத் தொடும் செலவாகவே இருந்தது.

விடியற்காலைப் பெரட்டு முதல் பிற்பகல் வரை உழைத்தவர்க்குப் பொழுதுபோக்க வேறிடம் இல்லாத சூழலும் எண்ணத்தக்கது. படிப்பகமும் விளையாட்டுத் திடலும் சங்கமும் இல்லாத தோட்டத்தில், மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே பொதுவிடமாகக் கள்ளுக்கடை பலர்க்கு அமைந்தது. தமிழன் குடிகாரன் என்னும் பழிச்சொல் எளிதாகச் சொல்லப்பட்டது. அவன் வாழும் இடத்தில் கடையைத் திறந்தவர் யார் என்னும் கேள்வி அரிதாகவே கேட்கப்பட்டது.

சீர்திருத்தச் சங்கங்களின் பணி

தமிழகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே மதுவிலக்கு அரசியல் இயக்கமாக வளர்ந்தது. 1921ஆம் ஆண்டு ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். இராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்னும் மதுவிலக்கு இதழை நடத்தினார். கல்கி அதில் பணியாற்றினார். இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. காங்கிரசாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் பிற பொருள்களில் மாறுபட்டபோதும் கள்ளெதிர்ப்பில் ஒரு திசை நோக்கினர்.

இச்சிந்தனைகள் கடல் கடந்தும் வந்தன. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வருகை தந்தார். 1932ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அச்சங்கத்தின் சார்பில் தமிழ் முரசு வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி சாதி ஒழிப்பு, திருமணச் சீர்திருத்தம், கல்வி ஆகியவற்றோடு குடிப்பழக்க எதிர்ப்பையும் சமூக முன்னேற்றத்தின் கூறாகக் கருதினார்.

இச்சங்கங்களின் பணியைப் போற்றும்போதே அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். கற்றவரும் வணிகரும் எழுத்தரும் முன்னின்ற இயக்கம் இது. தொழிலாளியைத் திருத்த வேண்டியவனாகக் காணும் நோக்கு இதிலும் ஓரளவு இருந்தது. அவ்வகையில் இது மேலைநாட்டு நீரூற்று இயக்கத்தோடு ஒத்தது. ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. சீர்திருத்தவாதிகள் தொழிலாளியின் மொழியிலேயே பேசினர். அவர்தம் இதழ் தொழிலாளர் கூடுமிடங்களில் வாய்விட்டுப் படிக்கப்படக் கூடியதாயிற்று. அம்மொழி விரைவில் தொழிலாளர் கைக்கே சென்றது.

கிள்ளானும் கெடாவும்

அவ்வாறு சென்றதற்குத் தெளிவான சான்று 1941ஆம் ஆண்டு சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைமையில், ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியல் ஆழ்ந்து கற்கத்தக்கது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கொடுமை செய்யும் மேற்பார்வையாளரை நீக்குதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண் தொழிலாளரிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், சங்கம் அமைக்கும் உரிமை, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்குதல் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

கள்ளுக்கடைக் கோரிக்கை இங்கு எவற்றின் நடுவே நிற்கிறது என்பதே முக்கியம். அது கூலிக்கும் கல்விக்கும் மானத்திற்கும் அருகில் நிற்கிறது. மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவரே கள்ளுக்கடையையும் மூடச் சொன்னார். இவ்விரண்டும் ஒரே உணர்விலிருந்து பிறந்தவை. தம்மைத் தாழ்த்தி வைக்கும் ஏற்பாடுகளுள் கள்ளுக்கடையும் ஒன்று எனத் தொழிலாளர் கணித்தனர். அரசின் மறுமொழி கடுமையாக இருந்தது. நாதன் கைதுசெய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் அருகேயுள்ள ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி இதனை வழிநடத்தினார். இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி பெற்றனர். தோட்டங்களில் ஒழுங்கையும் தூய்மையையும் வலியுறுத்தினர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். இதனையும் காவல்துறை வலிமையைக் கொண்டு அடக்கியது. தொண்டர் படையினர் குடிப்பவர்மீது கடுமை காட்டிய நிகழ்வுகளும் உண்டு. அதனை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. எனினும், தொழிலாளி குடியை விட வேண்டும் என நெடுங்காலம் அறிவுரை கேட்டுவந்த சமூகத்தில், அத்தொழிலாளரே கடையை மூட முற்பட்டபோது அது பொது அமைதிக்கு ஊறாகக் கருதப்பட்டது. இந்த முரண்பாடு எண்ணத்தக்கது. கடை தரும் வருவாயைவிட, கடையை மூடக் கூடும் கூட்டமே ஆட்சியாளரை அச்சுறுத்தியது எனலாம்.

சிங்கப்பூரின் பிற்கால நிலை

சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் போருக்குப் பின்னும் சில பத்தாண்டுகள் நீடித்து, 1970களின் முடிவில் மறைந்தன. அதே காலத்தில் கம்பங்களின் பொதுக் குழாய்களும் குறையலாயின. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தெம்பனிஸ் புதுநகரம் உருவானதும் இக்காலத்தை ஒட்டியே. வளர்ந்த நகரில் வீட்டுக்குள்ளேயே குழாய்நீர் கிடைத்தது. சின்னமாக நிற்கும் ஊற்று அங்குத் தேவைப்படவில்லை. அருகிலுள்ள பிடோக் நீர்த்தேக்கம் பழைய மணற்குழியிலிருந்து உருவாக்கப்பட்டு 1986ஆம் ஆண்டு நிறைவுற்றது. எஸ்பிளனேட் நீரூற்றின் சூழலும் மாறியது. நிலமீட்பால் கடல் விலகியது. 2008ஆம் ஆண்டு மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டு மரீனா நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தது. உப்புநீர்க் கரையில் நின்ற நன்னீர்ச் சின்னத்தின் அண்மையில் இன்று நன்னீரே பரந்து கிடக்கிறது.

குடியும் உழைப்பாளரும் பற்றிய விவாதம் மட்டும் முற்றுப்பெறவில்லை. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில், பேருந்து விபத்தில் இந்தியக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதனை ஆராய்ந்த விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணியாகச் சுட்டியது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொதுவிடங்களில் மது அருந்துவதைத் தடைசெய்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கூடுதல் கட்டுப்பாடுடைய வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. பொது ஒழுங்கைக் காக்கும் அரசின் பொறுப்பை மறுப்பதற்கில்லை. குடியிருப்போரின் அமைதியும் மதிக்கத்தக்கதே. ஆயினும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை பெற்று, நண்பரைக் காணத் தெருவையன்றி வேறிடம் இல்லாதவரின் நிலையை நோக்கும்போது, பழைய தோட்டத்துக் கள்ளுக்கடை நினைவுக்கு வருகிறது. குடியைப் பற்றிப் பேசுமுன் குடிப்பவரின் நாள் எவ்வாறு கழிகிறது எனக் கேட்கும் முறையை அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, மேலைநாட்டு மதுவிலக்கு நீரூற்று கொடுப்பவரின் அறத்தைப் போற்றியது. தமிழ்த் தொழிலாளரின் கள்ளெதிர்ப்பு கேட்பவரின் உரிமையாக வெளிப்பட்டது. இரண்டாவது, அவ்வெதிர்ப்பை ஒழுக்க வரலாறாக மட்டும் கற்பிப்பது போதாது. கூலி, கல்வி, மானம் ஆகியவற்றோடு இணைந்த தொழிலாளர் வரலாறாகவே அதனைக் கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, கொடையாளரின் பெயர் இரும்பிலும் கல்லிலும் நிலைத்தது. தண்ணீர் சுமந்தவர், கடையை மூடக் கேட்டவர் ஆகியோரின் நினைவு சொல்லிலும் செய்தித்தாளிலும் மட்டுமே தங்கியது.

சொல்லில் தங்கியதைக் காக்கும் பொறுப்பு தமிழாசிரியர்க்கு உரியது. கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கற்பிக்கும் வகுப்பில் கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியலையும் சேர்த்துக் கற்பிக்கலாம். தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வழங்கும் பழைய தமிழ் முரசு இதழ்களில் குடிப்பழக்கம் பற்றிய செய்திகளை மாணவர் தேடித் தொகுக்கலாம். டான் கிம் செங் நீரூற்றைக் காண அழைத்துச் செல்லும் ஆசிரியர், திரும்பும் வழியில் பாலஸ்தியர் சாலையிலும் சிறிது நேரம் நிற்கலாம். அங்கு ஊற்றும் சிலையும் இல்லை. தமிழர் அவ்விடத்தைத் தண்ணீர்க் கம்பம் என்று அழைத்தனர் என ஆசிரியர் சொன்னால்தான் மாணவர் அறிவர். சொல்லாவிடின் அப்பெயரும் மறையும்.